கழுத்துக் குழாயும் பேச்சும் விழுங்குதலும்



சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவருக்குப் புரையேறினால், "யாரோ உன்னை நினைக்கிறார்கள்" என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது நம் வீடுகளில் உள்ள வழக்கம். நினைப்பவர் ஊரில் இருக்கிறாரா, உறவில் இருக்கிறாரா என்று பேச்சு வளர்வதும் உண்டு. புரையேறுதல் என்பது உண்மையில் உடம்பு எழுப்பும் கூக்குரலே ஆகும். உணவுக்குழாய்க்குப் போக வேண்டிய பருக்கை ஒன்று மூச்சுக்குழாயின் வாசலை எட்டிப் பார்க்கிறது. வாசற்காவலன் கத்தி அதை வெளியே தள்ளுகிறான். அந்தக் கூக்குரல் எழும்வரை நமக்குக் கவலையில்லை. பருக்கை உள்ளே போயும் காவலன் வாய் திறவாதிருந்தால்தான் ஆபத்து. கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்கப்பெற்ற நோயாளிகளிடம் இந்த நிலையைப் பல சமயம் காண்கிறோம். அவர்களுடைய பேச்சையும் விழுங்குதலையும் மீட்பது எவ்வாறு என்பதே நம் இன்றைய உரையின் பொருள்.

கேமரன் மலைத் தோட்டம் ஒன்றில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். ரிங்லெட்டுக்கு அப்பால், மண் சாலை இறங்கும் இடத்தில் வீடு. முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த அம்மாள் ஒருவர், வயது 60ஐ நெருங்குகிறது. ஒரு நாள் காலையில் வாய் கோணி, வலக்கை வலக்கால் விழுந்து, நினைவு தப்பிவிடுகிறது. பக்கவாதம். தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸ் வண்டி மலையிறங்கி ஈப்போவுக்குப் போகிறது. வாய் வழியாகக் குழாய் விட்டுச் செயற்கை மூச்சுக் கருவியில் இணைக்கிறார்கள். பத்து நாள், பன்னிரண்டு நாள் ஆகியும் கருவியைக் கழற்ற முடியவில்லை. பின்னர் மருத்துவர் குடும்பத்தாரை அழைத்து, கழுத்தில் ஒரு துளையிட்டுக் குழாய் வைக்கப் போவதாகக் கூறிக் கையொப்பம் வாங்குகிறார். சில வாரங்கள் கழித்து, கழுத்தில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய் என்று அம்மாள் வீடு திரும்புகிறார்.

இனி நடப்பதைக் கவனியுங்கள். அவர் உதட்டை அசைக்கிறார், ஓசை வரவில்லை. "அம்மாவுக்குப் பேச்சுப் போய்விட்டது" என்று மகன் முடிவு கட்டிவிடுகிறார். பார்க்க வருகிறவர்கள் செவிடரிடம் பேசுவதுபோல் உரக்கப் பேசுகிறார்கள்; சிறிது நாளில் அவரோடு பேசுவதையே விட்டுவிட்டு, அவர் தலைக்குமேலே தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். மூக்குக் குழாயில் பால் மட்டுமே போவதைப் பார்த்து மனம் பொறுக்காத பக்கத்து வீட்டு அக்கா, "வாய் நனைய ஒரு வாய் கஞ்சி" என்று கரண்டியோடு வருகிறார். அம்மாளும் விழுங்குகிறார், இருமவில்லை. பார்த்தவர்களுக்கு மகிழ்ச்சி. நான்காம் நாள் காய்ச்சல், நுரையீரலில் சளிக் கட்டு, மீண்டும் மலையிறங்கும் பயணம். பேச்சு போய்விட்டது என்ற முடிவும் தவறு. இருமவில்லையாதலால் நன்றாக விழுங்கினார் என்ற முடிவும் தவறு. இந்த இரண்டு தவறுகளும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. அது எந்த இடம் என்று பார்ப்போம்.

நம் தொண்டை ஒரு சந்தி. வாயிலிருந்து வரும் சோற்றுப் பாதையும் மூக்கிலிருந்து வரும் மூச்சுப் பாதையும் அங்கே ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. சந்திக்குக் கீழே, முன்பக்கத்தில் குரல்வளையும் அதன் கீழ் மூச்சுக்குழாயும், பின்பக்கத்தில் உணவுக்குழாயும் இருக்கின்றன. குரல்வளைக்குள் இரண்டு தசைமடிப்புகள் உள்ளன. அவற்றைக் குரல் நாண்கள் என்கிறோம். நுரையீரலிலிருந்து மேலேறும் காற்று இந்த நாண்களை அதிரச் செய்யும்போது குரல் பிறக்கிறது. நாவும் உதடும் பல்லும் அண்ணமும் அந்தக் குரலைச் சொல்லாக வடிக்கின்றன. இதே நாண்கள் நாம் விழுங்கும்போது இறுக மூடிக்கொள்கின்றன; குரல்வளை முழுவதும் ஒரு விரற்கடை மேலெழும்பி முன்னே நகர்கிறது; அதன் மூடி கவிழ்கிறது; ஏறக்குறைய ஒரு நொடி மூச்சு நிற்கிறது. கவளம் பின்வழியே இறங்கியதும் நாம் மூச்சை வெளியே விடுகிறோம். அந்த வெளிமூச்சு வாசலில் ஒட்டியிருக்கும் துணுக்குகளை ஊதித் தள்ளுகிறது. விரலைக் கழுத்தின் முன்புறம் வைத்து ஒருமுறை எச்சிலை விழுங்கிப் பாருங்கள். அந்த ஏற்றமும் இறக்கமும் உங்கள் விரலுக்கே தெரியும்.

கழுத்துக் குழாய் வைக்கப்படுவது குரல் நாண்களுக்குக் கீழே. இதை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நுரையீரலிலிருந்து வரும் காற்று நாண்களை எட்டுமுன்பே குழாய் வழியாக வெளியேறிவிடுகிறது. ஆர்மோனியத்தின் துருத்தியில் ஓட்டை விழுந்துவிட்டால் கட்டைகளை எத்தனை அழுத்தினாலும் சுரம் எழாது. கட்டைகள் பழுதில்லை, சுர நாக்குகளும் பழுதில்லை, காற்றுதான் வந்து சேரவில்லை. அந்த அம்மாளின் குரலும் அத்தகையதே. பக்கவாதத்தால் நாக்குக் குழறலாம், சொற்கள் நினைவுக்கு வரத் தாமதமாகலாம். அவை வேறு. குரல் வராததற்குக் காரணம், பெரும்பாலும், துருத்தி ஓட்டை மட்டுமே.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். தொண்டைப் புற்றுநோய்க்காகக் குரல்வளையையே முற்றாக அகற்றிவிட்டவர்களுக்கும் கழுத்தில் துளை இருக்கும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஆனால் குரல்வளை அகற்றப்பட்டவரின் மூச்சுக்கும் வாய்க்கும் இடையே பாதையே கிடையாது. அவர் மூச்சுவிட அந்தத் துளை ஒன்றுதான் வழி. நாம் இன்று சொல்லப்போகும் முறைகள் அவருக்குப் பொருந்தா. செய்து பார்த்தால் மூச்சு முட்டும். உங்கள் வீட்டு நோயாளி எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதை மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்தில் துளையிடும் சிகிச்சை மிகப் பழமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், தொண்டை அடைப்பான் நோயால் மூச்சுத் திணறிய குழந்தைகளைக் காக்கப் பிரான்சு நாட்டு மருத்துவர் பிரெத்தனோ 1825இல் இதனைச் செய்து வெற்றி கண்டார். இன்றைய பயன்பாட்டுக்கு வழி திறந்தது 1952ஆம் ஆண்டு எனலாம். அவ்வாண்டு டென்மார்க் தலைநகர் கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து இறந்துகொண்டிருந்த நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிட்டு, குழாய் வைத்து, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டலாம் என்றார் மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன். போதிய கருவிகள் இல்லாமையால் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகப் பையை அழுத்தினார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கம் அதுவே. அன்று உயிர் காப்பது ஒன்றே நோக்கமாக இருந்தது. காப்பாற்றப்பட்டவர் பேசவும் உண்ணவும் வேண்டும் என்ற எண்ணம் தனியொரு துறையாக வளரப் பின்னும் பல்லாண்டுகள் பிடித்தன. இந்தியாவில் மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1960களில் தோன்றியது. நம் நாட்டில் மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் பேச்சு அறிவியலுக்கான பட்டப்படிப்பை 1995இல் தொடங்கியது. பேச்சுச் சிகிச்சையாளர் என்றால் திக்குவாய்க் குழந்தைகளுக்குப் பயிற்சி தருபவர் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். விழுங்குதலும் அவர்கள் பொறுப்பே என்பதைத் தோட்ட மக்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

இனிக் குழாயின் அமைப்பைப் பார்ப்போம். பல குழாய்களின் அடிப்பகுதியைச் சுற்றி, மூச்சுக்குழாய்க்கு உள்ளே இருக்குமாறு, ஒரு காற்றுப்பை உண்டு. அதை ஊதினால் குழாய்க்கும் மூச்சுக்குழாயின் சுவருக்கும் இடையிலுள்ள சந்து அடைபடும். செயற்கை மூச்சுக் கருவி செலுத்தும் காற்று மேலே கசியாமல் நுரையீரலுக்குப் போகவே இந்த ஏற்பாடு. பை ஊதியிருக்கிறதா இல்லையா என்பதை வெளியே நூல்போல் தொங்கும் மெல்லிய குழலின் முனையிலுள்ள சிறு பலூனைத் தொட்டு அறியலாம். பை ஊதியிருந்தால் உணவு உள்ளே போகாது, ஆகவே தாராளமாகக் கொடுக்கலாம் என்று எண்ணுவோர் உண்டு. இது மிகத் தவறான எண்ணம். பை இருப்பது குரல் நாண்களுக்குக் கீழே. உணவோ எச்சிலோ அதன்மேல் தங்கினால் அது நாண்களைத் தாண்டி, நுழையக்கூடாத வாசலுக்குள் நுழைந்துவிட்டது என்றே பொருள். பைக்குமேல் குளம்போல் தேங்கி, சிறுகச் சிறுகக் கசிந்து நுரையீரலை அடைகிறது. நாம் எல்லோரும் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் எச்சிலை அறியாமலே விழுங்குகிறோம். எனவே வாயால் எதுவும் உண்ணாத நோயாளிக்கும் இந்த அபாயம் உண்டு.

இருமல் ஏன் வருவதில்லை? தொண்டையும் குரல்வளையும் காற்று வந்துபோகும்போது உணர்ச்சி மிகுந்து விழித்திருக்கின்றன. வாரக்கணக்கில் காற்றே படாமல் கிடந்தால் அந்த உணர்ச்சி மங்குகிறது. மணமும் சுவையும் குறைவதற்கும் இதுவே காரணம். பக்கவாதம் நரம்பைத் தாக்கியிருந்தால் மங்கல் இன்னும் அதிகம். மேலும், இருமுவதற்கு முதலில் நாண்களை மூடிக் காற்றை அடக்க வேண்டும். கழுத்தில் ஓட்டையிருக்கும்போது அடக்கிய காற்று நிற்பதில்லை. ஆக, காவலன் உறங்குகிறான். எழுந்தாலும் கத்தக் குரலில்லை. ஓசையில்லாத இந்தப் புரையேற்றத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க மருத்துவர்களாலும் முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

கண்டுபிடிக்கச் சோதனைகள் உள்ளன. 1973ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்கள் மூவர் ஓர் எளிய முறையை வெளியிட்டார்கள். நோயாளியின் நாக்கில் நீலச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பின்னர் கழுத்துக் குழாயில் சளியை உறிஞ்சும்போது நீலம் வருகிறதா என்று பார்ப்பது. அம்மூவரில் முதலாமவர் பெயர் கேமரன். 1885இல் நம் மலையை ஆய்ந்து, அதற்குத் தம் பெயரை விட்டுச்சென்ற நில அளவையாளர் கேமரன் வேறு, இவர் வேறு. இச்சோதனையில் நீலம் வந்தால் உறுதியாகப் புரையேறுகிறது. வராவிட்டால் புரையேறவில்லை என்று சொல்லிவிட முடியாது. சிறிதளவு இறங்குவதை அது காட்டாமற் போகும். ஆகவே இப்போது இரண்டு நுண்ணிய முறைகளை நம்புகிறார்கள். ஒன்று, உணவில் பேரியம் கலந்து கொடுத்து, விழுங்குவதை எக்ஸ்ரே படமாக ஓடவிட்டுப் பார்ப்பது. மற்றொன்று, 1988இல் சூசன் லாங்மோர் முதலியோர் அறிமுகப்படுத்திய முறை. மெல்லிய காமிராக் குழலை மூக்கு வழியே விட்டுத் தொண்டையை நேரில் காண்பது. இவற்றுக்கு நம் மலையிலிருந்து இறங்கிப் பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. ஈப்போவிலுள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்றவற்றில் காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். செயற்கை மூச்சுக் கருவி தேவைப்படாமல், சளியும் குறைந்து, நோயாளி விழிப்பாக இருக்கும் நிலையில், மருத்துவரின் இசைவோடு முதலில் காற்றுப்பையை இறக்குகிறார்கள். இறக்குமுன் வாயிலும் குழாயிலும் உள்ள சளியை உறிஞ்சிவிடுவார்கள். இல்லையேல் பைக்குமேல் தேங்கியது அத்தனையும் நெஞ்சுக்குள் இறங்கும். பை இறங்கியதும் சுற்றிலும் சந்து பிறக்கிறது. நோயாளி மூச்சை உள்ளிழுத்தபின், சிகிச்சையாளர் கையுறை அணிந்த விரலால் குழாயின் வாயை ஒரு நொடி மூடி, "ஆ என்று சொல்லுங்கள்" என்கிறார். காற்றுக்கு வேறு வழியில்லை. அது சந்து வழியே மேலேறி நாண்களைத் தொடுகிறது. குரல் வருகிறது. பல வாரங்களுக்குப் பின் வரும் குரல் கரகரத்து, காற்றடித்தாற்போல் இருக்கும். அதைக் கேட்ட நோயாளிகள் பலர் அழுதுவிடுவது உண்டு. குடும்பத்தார் அந்த நேரத்தில் உடனிருப்பது நல்லது என்பது நம் கருத்து.

விரலுக்குப் பதிலாகப் பொருத்தப்படுவது பேச்சு வால்வு. கட்டைவிரல் நகத்தின் அளவே உள்ள மூடி. அதனுள் ஒரு மெல்லிய சவ்வு. மூச்சை இழுக்கும்போது சவ்வு திறந்து காற்று குழாய் வழியே போகிறது. மூச்சை விடும்போது சவ்வு மூடிக்கொள்கிறது. காற்று குரல்வளை வழியாக மேலே போகிறது. பரவலாகப் பயன்படும் இவ்வகை வால்வு ஒன்றை 1980களில் வடிவமைத்தவர் டேவிட் மியூர் என்னும் அமெரிக்க இளைஞர். தசை நலிவு நோயால் கைகால் அசைக்க முடியாமல், செயற்கை மூச்சில் வாழ்ந்தவர் அவர். தாம் பேச வேண்டும் என்பதற்காகவே அதைக் கண்டார். வால்வைப் பொருத்தினால் குரல் மட்டுமன்றி, இருமும் வலிமையும் மணமும் சுவையும் ஓரளவு திரும்புகின்றன. குரல்வளைக்கு அடியில் காற்றழுத்தம் மீண்டும் உண்டாவதால் விழுங்குதலும் பலருக்குச் சீராகிறது. பேச்சுக்கும் விழுங்குதலுக்கும் ஒரே சிகிச்சையாளர் பொறுப்பாக இருப்பதன் பொருத்தம் இப்போது விளங்கும்.

இந்த வால்வைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இதை இரண்டு முறை சொல்லுகிறோம், வீட்டில் வேறு வேலையாக இருப்பவர்களும் கேளுங்கள். காற்றுப்பை ஊதியிருக்கும்போது பேச்சு வால்வைப் பொருத்தவே கூடாது. காற்றுப்பை ஊதியிருக்கும்போது பேச்சு வால்வைப் பொருத்தவே கூடாது. பொருத்தினால் மூச்சு உள்ளே போகும், வெளியே வர வழியிராது. சில நிமிடங்களில் உயிருக்கு ஆபத்தாகும். சிறு பலூன் சப்பையாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்த்த பிறகே வால்வு. உறங்கும்போது வால்வைக் கழற்றிவிட வேண்டும். முதல் நாள் சில நிமிடங்கள், பின்னர் கால் மணி, அரை மணி என்று நேரத்தைக் கூட்டுவதும் சிகிச்சையாளர் சொன்னபடியே நடக்க வேண்டும். முகம் வியர்த்தாலோ, மூச்சு வேகமெடுத்தாலோ, நோயாளி கையால் கழுத்தைத் தொட்டாலோ முதலில் வால்வைக் கழற்றுங்கள். காரணத்தைப் பிறகு ஆராயலாம்.

குரல் வரும்வரை நோயாளி எவ்வாறு பேசுவது? உதட்டசைவைப் படிக்கலாம் என்று எல்லோரும் நம்புகிறோம். தமிழில் பகரமும் மகரமும் உதட்டில் ஒன்றுபோலவே தோன்றும். அம்மாள் "மருந்து" என்கிறார், மருமகள் "பருந்தா, எங்கே பருந்து?" என்று சன்னலைப் பார்க்கிறார். சிரிப்பு வந்தாலும், பத்து முறை இப்படி நடந்தால் நோயாளி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஓர் அட்டை செய்துகொள்ளுங்கள். தமிழுக்கு 247 எழுத்தாயிற்றே என்று மலைக்க வேண்டா. மேல்வரிசையில் உயிர் 12, கீழே மெய் 18. முப்பது கட்டம் போதும். "க்" என்பதைத் தொட்டு "ஐ" என்பதைத் தொட்டால் "கை". எழுத்தறியாத முதியவர்க்குப் படங்கள் வரையலாம்: தண்ணீர்க் குவளை, போர்வை, வலியைக் காட்டும் முகம், கழிப்பறை, சளி உறிஞ்சும் கருவி, பேரப்பிள்ளை. ஆம் என்பதற்கு ஒரு கண்சிமிட்டல், இல்லை என்பதற்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் கையசைக்க முடியாதவரும் பேசலாம். பேரப்பிள்ளை தமிழ்ப் பள்ளியில் படிப்பவனானால் இந்த அட்டையை அவனே அழகாக எழுதித் தருவான். பாட்டியோடு முதலில் பேசப் பழகுபவனும் அவனாகவே இருப்பான். மருத்துவமனையில் தாதியர் மலாய் பேசுபவராயின் அட்டையின் பின்புறம் அதே சொற்களை மலாயிலும் எழுதிக் கொடுங்கள். சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாதபோது பயிற்சியின் சொற்களை மொழிபெயர்க்க வீட்டார் ஒருவர் கட்டாயம் உடன்செல்ல வேண்டும். அம்மாள் தம் வாழ்நாள் முழுதும் பேசிய மொழியில்தான் அவருடைய சொற்கள் முதலில் திரும்பும்.

அடுத்து விழுங்குதல். நேயர்கள் வியப்படையக் கூடும். விழுங்குவதற்கு மிகக் கடினமானது தண்ணீரே. அது கட்டுக்கடங்காமல் ஓடுகிறது. தளர்ந்த தொண்டை வாசலை மூடுமுன் இறங்கிவிடுகிறது. தேநீரும் அப்படியே. வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவருக்குத் தேநீரைக் கடைசியாகத்தான் தர முடிகிறது என்பது வருத்தந்தான். ரசஞ்சோறு இன்னும் மோசம். நீரும் பருக்கையும் கலந்த உணவில் நீர் முந்தி ஓடிவிடுகிறது. சற்றுக் கெட்டியான, ஒரே சீரான கூழ்ப்பதம் பலருக்கு எளிது. எந்தப் பதம் யாருக்கு என்பது சோதனைக்குப் பிறகே தெரியும்.

பதத்தை அளக்க உலக நாடுகள் பலவற்றில் இப்போது ஒரே அளவுகோல் பழக்கத்தில் இருக்கிறது. தண்ணீர்ப் பதம் 0, வழக்கமான உணவு 7 என எட்டுப் படிகள். நீர்மங்களை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. சிகிச்சையாளர் காட்டிய வகையிலான 10 மில்லிலிட்டர் ஊசிக்குழல், ஊசியில்லாமல், இருந்தால் போதும். முனையை விரலால் அடைத்து 10 மில்லிலிட்டர்வரை ஊற்றுங்கள். விரலை எடுத்துப் பத்து நொடி ஒழுகவிட்டு மீண்டும் அடையுங்கள். ஏதும் மிஞ்சவில்லையானால், அல்லது 1 மில்லிலிட்டருக்குக் குறைவாக மிஞ்சினால், அது தண்ணீர்ப் பதம். 1 முதல் 4 வரை மிஞ்சினால் முதற்படி. 4 முதல் 8 வரை இரண்டாம் படி. 8க்கு மேல் மிஞ்சினால் மூன்றாம் படி. ஒன்றும் ஒழுகாமல் நின்றால் நான்காம் படி. அதைக் கரண்டியில்தான் எடுக்க முடியும். "கொஞ்சம் கெட்டியாக" என்று ஒருவர் சொல்லி மற்றொருவர் கரைக்கும்போது நேரும் பிழை இதனால் குறைகிறது.

அரிசிக் கஞ்சியைப் பற்றி ஒரு சொல். அது கெட்டியாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். சிறிது நேரம் வைத்தால் மேலே நீர் தெளிகிறது. அதுவுமன்றி, நம் எச்சிலில் மாவுப்பொருளைக் கரைக்கும் நொதி ஒன்று உண்டு. எச்சில் பட்ட கரண்டியைக் கிண்ணத்தில் மீண்டும் மீண்டும் தோய்த்தால், கெட்டியாக இருந்த கஞ்சி ஊட்டி முடிப்பதற்குள் நீர்த்துவிடும். முதல் கரண்டி பாதுகாப்பாக இறங்கியது, இருபதாம் கரண்டி புரையேறியது என்பதன் இரகசியம் இதுவே. சிறு சிறு கிண்ணங்களில் பிரித்தெடுத்து ஊட்டுவதும், மருத்துவமனையில் தரும் பசை வகைக் கெட்டிப்பொடியைப் பயன்படுத்துவதும் இதற்கு மாற்று. மருந்துக் கடையில் விற்கும் கெட்டிப்பொடி விலை அதிகம் என்பதையும் நாம் மறைக்க விரும்பவில்லை. நோயாளியின் சமூகநல உதவி பற்றி மருத்துவமனையின் சமூகப் பணி அலுவலரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டா.

ஊட்டும்போது நோயாளி நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். படுத்த நிலையில் ஒரு சொட்டும் கூடாது. உண்டபின் அரை மணி நேரமாவது நிமிர்ந்தே இருக்கட்டும். பேச்சு வால்வு உள்ளவர்க்குச் சிகிச்சையாளர் சொன்னால் அதைப் பொருத்தியே ஊட்ட வேண்டும். சிலருக்கு முகவாயை மார்பை நோக்கித் தாழ்த்தி விழுங்கச் சொல்வார்கள். சிலருக்கு அதுவே தீங்காகும். ஆகையால் அடுத்த வீட்டாருக்குச் சொன்ன பயிற்சியை உங்கள் வீட்டில் செய்யாதீர்கள். சளியின் நிறத்தையும் கவனியுங்கள். உறிஞ்சும் சளியில் கஞ்சியின் வெண்மையோ கேழ்வரகுக் கூழின் நிறமோ தெரிந்தால் அன்றே ஊட்டுவதை நிறுத்தி மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். வாயால் எதுவும் உண்ணாவிட்டாலும் நாளுக்கு இரண்டு மூன்று முறை பல்லையும் நாக்கையும் துலக்கிவிடுங்கள். நுரையீரலைக் கெடுப்பது உணவைவிட அதனோடு இறங்கும் வாயழுக்கின் கிருமிகளே. உண்ணாதவருக்குப் பல் துலக்குவானேன் என்று விட்டுவிடுவது நாம் அடிக்கடி காணும் பிழை.

மலைக்குரிய சில செய்திகள் உள்ளன. மூக்குதான் நாம் இழுக்கும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, வடிகட்டித் தருகிறது. கழுத்துக் குழாய் வழியே போகும் காற்றுக்கு அந்த வசதி இல்லை. தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. இரவுக் குளிர் காற்று நேரே நெஞ்சில் இறங்கினால் சளி இறுகிக் குழாயை அடைக்கும். ஈரத்தைத் தேக்கித் தரும் சிறு வடிகட்டி மூடிகளை மருத்துவமனையில் தருவார்கள். விறகுப் புகை, கொசுவர்த்திப் புகை, காய்கறித் தோட்டங்களில் மருந்தடிக்கும் நேரத்துக் காற்று ஆகியவற்றிலிருந்து நோயாளியை விலக்கி வைக்க வேண்டும். குழாய்க்கு உட்குழாய் இருந்தால் சொல்லித்தந்தபடி நாள்தோறும் எடுத்துக் கழுவ வேண்டும். மூச்சுத் திணறினால் முதலில் வால்வையோ மூடியையோ கழற்றி, உட்குழாயை வெளியே எடுங்கள். பெரும்பாலான அடைப்பு அதனோடு வந்துவிடும். வராவிட்டால் சளியை உறிஞ்சிக்கொண்டே 999ஐ அழையுங்கள். தாப்பா சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைவுகள். நிலச்சரிவு நாட்களில் நேரம் எவ்வளவு ஆகும் என்று சொல்ல முடியாது. ஆகவே மாற்றுக் குழாய் ஒன்றும், ஒரு படி சிறிய அளவில் மற்றொன்றும், கைச் சூட்கேசில் எப்போதும் இருக்கட்டும். மின்சாரம் நின்றால் பயன்படக் காலால் மிதிக்கும் அல்லது மின்கலத்தில் ஓடும் உறிஞ்சு கருவி கிடைக்குமா என்று வீடு திரும்புமுன்பே கேட்டுவிடுங்கள்.

பக்கவாதமும் சாலை விபத்தும் மட்டுமே இந்தக் குழாய்க்குக் காரணம் அல்ல. பூச்சிமருந்து உள்ளே போனவர்கள் மூச்சுத் தசை தளர்ந்து நெடுநாள் கருவியில் இருக்க நேர்கிறது. வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை செய்யும்போதும் சிறிது காலத்துக்குக் கழுத்துக் குழாய் வைப்பார்கள். மலேசிய இந்தியரிடையே, சிறப்பாகப் பெண்களிடையே, வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தாரைவிட மிகுதி என்பதைப் புற்றுநோய்ப் பதிவேடுகள் காட்டி வந்திருக்கின்றன. வெற்றிலை பாக்கு, அதனோடு புகையிலை மெல்லும் பழக்கமே முதன்மையான காரணம். புகையிலை சேர்க்காத வெற்றிலைப்பாக்கும் புற்றுநோய் தரும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூலில் கூறியிருக்கிறது. வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைப் படலமோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் பல் மருத்துவரிடமாவது காட்டுங்கள். நாக்கின் ஒரு பகுதியை இழந்தவருக்கும் பேச்சுப் பயிற்சி உண்டு. ஆயினும் அது நெடிய உழைப்பு.

குழாயை எப்போது எடுப்பார்கள் என்பதே எல்லாக் குடும்பமும் கேட்கும் கேள்வி. நாள் கணக்கு இல்லை. பை இறங்கிய நிலையில் நாளெல்லாம் இருக்க முடிகிறதா, வால்வோடு தளர்வின்றிப் பேச முடிகிறதா, சளியைத் தாமே இருமி வாய்க்குக் கொண்டுவர முடிகிறதா, எச்சிலைச் சமாளிக்கிறாரா என்று படிப்படியாகப் பார்ப்பார்கள். பிறகு குழாயை மூடியால் முற்றாக அடைத்து மருத்துவமனையில் ஓரிரு நாள் கண்காணிப்பார்கள். எல்லோருக்கும் இந்நாள் வருவதில்லை. வாழ்நாள் முழுதும் குழாயோடு இருப்பவர்களும், வால்வு பொருத்திப் பேசி, கூழ் உண்டு, வாசலில் உட்கார்ந்து பேரனைக் கண்டிப்பவர்களாக இருக்க முடியும். மறுபரிசோதனை நாளுக்குப் போகும்போது நான்கு விவரங்களைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்: வால்வு நாளொன்றுக்கு எத்தனை நேரம் இருந்தது, எத்தனை முறை சளி உறிஞ்சினீர்கள், சளியின் நிறம் என்ன, காய்ச்சல் எந்த நாளில் வந்தது. மலையிறங்கி ஏறும் ஒரு நாள் பயணத்தில் சிகிச்சையாளர் உங்களோடு இருக்கும் நேரம் குறைவு. அந்தத் தாள் அவருக்குப் பேருதவி செய்யும்.

குழாயை எடுத்த பின் துளையைத் தைப்பது வழக்கமன்று. துணிக்கட்டுப் போட்டு விடுவார்கள். பெரும்பாலோர்க்குச் சில நாட்களிலோ சில வாரங்களிலோ அது தானே சுருங்கி மூடிக்கொள்ளும். அதுவரை பேசும்போதும் இருமும்போதும் துணிக்கட்டின்மேல் இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்திக்கொள்ள வேண்டும். மறந்தால் காற்று அந்த வழியே போய்க் குரல் பாதியில் நின்றுவிடும். மீண்டும் விரலை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள்.